நன்றியுரை சொல்லாத கூட்டம்

நொச்சிமேடு பஸ் ஸ்டாண்டில் போன சித்திரையில் ஆரம்பித்த பொதுக்கூட்டம் இன்னும் முடியவில்லை. மேடையைப் பிரித்து, சேர்களை அடுக்கி, கூம்புக் குழாய்களை இறக்கி வேனில் ஏற்றி எல்லாம் ஆகிவிட்டது, பேசியவரும் அன்றைக்கே காரேறி அவர் ஊருக்குப் போய்ச் சௌக்கியமாகத்தான் இருக்கிறார், பேச்சு மட்டும் போகவில்லை. குழாய் கட்டியிருந்த அதே உயரத்தில், புளியமரத்துக்கும் மினிபஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவே, வெறும் ஆகாயத்திலிருந்து அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. வெயிலானாலும் பேசும், மழையானாலும் பேசும், கரண்டு போனாலும் பேசும். நம்பாதவர்கள் பஸ் பிடித்து வந்து இறங்கிக் கேட்டுவிட்டுப் போகட்டும், யார் வேண்டாமென்றது?

இது எதனால் வந்த வினை என்று ஊரில் முதலில் தெரிந்துகொண்டவர் அந்தக் கூட்டத்துக்கு மைக் செட் போட்ட சென்னியப்பன்தான். அங்காளம்மன் ஒலி ஒளி என்று பேர் எழுதிய வேனை வைத்துக்கொண்டு, மைக், பந்தல், சேர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவர் தொழிலில் ஒரு கட்டு உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ இரங்கல் கூட்டமோ, கடைசியில் ஒருத்தர் மைக்கைப் பிடித்து, வந்தவர், பேசியவர், மேடை கட்டியவர், சேர் போட்டவர், ஒலி ஒளி அமைத்தவர் என்று ஒருத்தர் விடாமல் பேர் சொல்லி நன்றி சொல்லி, நன்றி வணக்கம் என்று முடித்த பிறகுதான் ஆம்ப்ளியை அணைக்க வேண்டும். கேட்க ஒரு ஆள் இல்லாவிட்டாலும், சேரெல்லாம் காலியாகி நாய் படுத்திருந்தாலும், நன்றியுரையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்கு முன்னால் ஒயரைப் பிடுங்கினால் கூட்டம் முடிந்ததாக அர்த்தமில்லை. அன்றைக்குப் பிடுங்கிவிட்டார்.

பிடுங்காமல் என்ன செய்வார், நிலைமை அப்படி. ஊர்ப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தலைவராக நார் மில் அர்த்தநாரி உட்கார்ந்து, வெளியூரிலிருந்து முழக்கச் செம்மல் தணிகாசலத்தைக் கூட்டிவந்து பேசவிட்டார்கள். தணிகாசலம் ஆரம்பத்தில் என்னமோ நிதானமாகத்தான் ஆரம்பித்தார். வேலைக்கு வந்தவர்கள் வரட்டும், ஆனால் எல்லையில் கம்பியைத் தாண்டிக் கள்ளத்தனமாக வந்தவன் எவன் என்று தெரிய வேண்டாமா என்றார், ஜனங்கள் தலையாட்டினார்கள். தலையாட்டலைப் பார்த்ததும் அவர் குரல் ஏறியது. "ஒருத்தனுக்கு எடங்குடுத்தா ஒன்பது பேரு வருவான்! கரையான்! கரையான் சார் அது! உன் கதவத் தின்னும், உன் நெலையத் தின்னும், கடேசில தூங்கற உன்னையத் தின்னும்! கரையானுக்கு அட்ரஸ் கேப்பியா, மருந்து அடிப்பியா?" அடிப்போம் என்று கூட்டம் கத்தியது. "அப்பறம் என்னத்துக்கு உக்காந்திருக்கே? சொல்லு, வெளியே போ!" வெளியே போ என்று கூட்டம் எழுந்தது. எழுந்தது உட்காரவில்லை, சேர்களை மிதித்துக்கொண்டு, நார் மில்லுக்குப் பின்னால் வடக்கத்தி ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளைப் பார்த்து ஓடியது. சட்டைப் பையில் நன்றியுரைச் சீட்டோடு உட்கார்ந்திருந்த டெய்லர் நாச்சிமுத்துவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார். சென்னியப்பன் ஆம்ப்ளியைக் காப்பாற்றினால் போதுமென்று ஒயரைப் பிடுங்கினார்.

இதில் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கிற சங்கதி ஒன்று இருக்கிறது. அந்த மேடையைக் கட்டினவன், அந்தச் சேர்களைப் போட்டவன், பனைமர உயரக் கம்பத்தில் ஏறி அந்தக் குழாயைக் கட்டினவன் ஒரு பெங்காலி. பகலில் அர்த்தநாரியின் மில்லில் நார் உலர்த்துவான், பொழுது சாய்ந்தால் சென்னியப்பனோடு வேனில் வருவான். இரண்டு மூன்று வருஷமாக அப்படித்தான். ஒல்லியான ஆள், கயிறு கட்டினால் புயலுக்கும் அவிழாது. சொந்த ஊர் எதுவென்று ஒருதரம் கேட்டதற்கு, "எங்க ஊரு இல்லேண்ணா, ஆறு சாப்டுச்சு. வீடு சாப்டுச்சு, பள்ளிக்கூடம் சாப்டுச்சு, தென்னமரம் சாப்டுச்சு" என்று சோற்றைப் பிசைந்து காட்டிச் சிரித்தான். ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா, அது ஆற்றுக்குத்தான் தெரியும். அன்றைக்கு என்ன கூட்டம் என்று அவனும் கேட்கவில்லை, சென்னியப்பனும் சொல்லவில்லை.

ஓடிப்போன கூட்டத்தில் பாதி திரும்பி வந்து ஜெனரேட்டர் பக்கத்தில் அவனைப் பிடித்தது. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தினான். "அண்ணா! தெரிஞ்ச ஆளு சொல்லுங்கண்ணா! பேரு சொல்லுங்கண்ணா, என் பேரு சொல்லுங்க!" சென்னியப்பன் குனிந்த தலை நிமிராமல் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பயம் வந்துவிட்டது, வாய் வரவில்லை, அப்படித்தான் அவர் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் அவனையும் லைன் வீட்டு ஆட்களையும் ஒரு போலீஸ் வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். எந்த எல்லைக்கு, எந்த முகாமுக்கு, யாருக்கும் தெரியாது, கேட்டவர்களும் இல்லை.

அந்த வேன் ஊரெல்லையைத் தாண்டின காலையில்தான் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. "கரையான் சார் அது!"

முதல் நாள் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த நாளிலிருந்து அண்ணாந்து பார்க்கவும் இல்லை. கண்டக்டர்கள் விசிலடிப்பதை விட்டுவிட்டு வண்டியைத் தட்டி ரைட் கொடுக்கப் பழகினார்கள், டீக்கடையில் ஒரு விரல் காட்டினால் சர்க்கரை கம்மி, இரண்டு விரல் காட்டினால் ஸ்ட்ராங் என்று ஆயிற்று, பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பாடத்தைப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி மணியடிப்பதை ரெட்டிப்பாக்கினார், மெடிக்கல் ஷாப்பில் பஞ்சு கிடைக்காமல் போயிற்று. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், வாசல்படியில் கால் வைக்கிற நேரத்துக்கு மேலேயிருந்து வெளியே போ என்று சத்தம் கேட்டதும் அப்படியே திரும்பிப் போனது. அதற்கப்புறம் மாப்பிள்ளை வீட்டார் வரும்போது நாதஸ்வரத்தை வைத்து ஊதச் சொல்லி ஒரு வழக்கமே வந்துவிட்டது. எதற்குத்தான் மனுசன் பழகமாட்டான்!

ஆனாலும் நாளாக நாளாகத் தலைவலி தாங்கவில்லை. சென்னியப்பன் அர்த்தநாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். "அண்ணா, அன்னிக்கு நன்றியொரை சொல்லலீங்க. கூட்டம் முடியலீங்களே."

அர்த்தநாரிக்கு அது உடனே பிடிபட்டது. "அட ஆமா! சொல்லியே போடலாம், அதுக்கென்ன" என்று நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார். நாச்சிமுத்து அதே சீட்டை எடுத்துவந்து, தலைவருக்கு நன்றி, முழக்கச் செம்மலுக்கு நன்றி, திரளாக வந்திருந்த தாய்மார்களுக்கு நன்றி என்று வாசித்தார். மேலே பேச்சு நின்றது. ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. புளியமரத்துச் சருகு விழுகிற சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று ஒரு பொம்பிளை அழுதேவிட்டாள். நாச்சிமுத்து நன்றி வணக்கம் என்றார். பேச்சு செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"மைக் செட்டுக்காரருக்குச் சொல்லலியே" என்று யாரோ நினைவுபடுத்த, இன்னொரு தரம் சொன்னார்கள். சென்னியப்பனுக்கும் நன்றி என்றபோது பேச்சு இன்னும் கொஞ்சநேரம் கூடுதலாக நின்றது, மறுபடி தொடர்ந்தது. இனி யார் பாக்கி என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கவில்லை.

"மேடை கட்டுனவனுக்கா?" என்றார் அர்த்தநாரி. "எவனத் தொரத்தறதுக்குக் கூட்டம் போட்டமோ அவனுக்கே நன்றி சொல்றதா? ஊரு சிரிக்காதுங்களா? பேசுனாப் பேசிட்டுப் போவுது. நம்மளையா சொல்லுது?"

அப்படிச் சொல்லி ஒரு மாசம் ஆகியிருக்காது. பேச்சு என்றால் அதற்கு ஆள் வேண்டுமே. வடக்கத்தி ஆட்கள் போய்விட்டார்கள், லைன் வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது, திட்டுவதற்கு ஆள் இல்லையென்றால் அது என்ன செய்யும் பாவம், கண்ணுக்கு அகப்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டது. பாலக்காட்டிலிருந்து வந்து டீக்கடை போட்டிருந்தவரை ஒரு வாரம் பேசியது, அவர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்தாற்போல் அணை கட்டும்போது குடிபெயர்ந்து வந்த வடக்குத் தெருக்காரர்களைப் பேசியது. அதற்கும் அடுத்தாற்போல் கட்டிக்கொண்டு வந்த மருமகள்களை. ஜனங்கள் அதற்கும் பழகினார்கள். யார் எப்போது வந்தவர் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வது சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரி ஆகிவிட்டது. அர்த்தநாரி கடைவீதியில் நின்று, "எங்க பாட்டங்காலத்துல இருந்து நாங்க இந்த ஊருதானுங்" என்று ஒருநாள் சத்தமாகச் சொன்னார். மேலேயிருந்து, "பாட்டங்காலத்துல வந்தவனே, வெளியே போ!" என்று பதில் வந்தது. அன்றைக்கு மில்லும் மூடிக் கிடந்தது, நார் உலர்த்த ஆள் ஏது?

இதெல்லாம் ஊர்க் கவலை. சென்னியப்பனுக்கு வீட்டுக் கவலை வேறு இருந்தது. அவர் மகள் சுகுணா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்தவள், கூட்டம் நடந்த சித்திரையில்தான் பிரசவம், பெண் குழந்தை, இனியா என்று பேர். வீடோ பஸ் ஸ்டாண்டுக்கு நேர் பின்னால். புருஷன் வேலை பார்க்கிற ஊரில் வீடு பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று அவன் மாசத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். குழந்தை பிறந்ததிலிருந்து தாலாட்டைவிட அதிகமாகக் கேட்டது அந்தப் பேச்சைத்தான். தொட்டிலில் கிடக்கும்போதே பேச்சின் ஏற்ற இறக்கத்துக்குக் காலை உதைக்கும். வெளியே போ வரும் இடத்தில் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும். பார்க்கப் பார்க்க சென்னியப்பனுக்கு அதே யோசனையாகிவிட்டது. குழந்தைக்கு வாய் திறந்தால் முதல் வார்த்தை என்னவாக வரும்? அதற்குள் இந்தக் கூட்டத்தை முடித்துவிட வேண்டும், எப்பாடு பட்டாவது முடித்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் முடிக்கிற வழி தெரிந்தவர், அர்த்தநாரிக்கும் ஊருக்கும் பயந்துகொண்டு, இன்றைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்டார்.

அவர் மனைவி மயிலாத்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காலை முதல் பொழுது சாயும்வரை, "அம்மா சொல்லு கண்ணு, அம்...மா" என்று அதன் காதோடு காது வைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள். தை பிறந்து ஒருநாள், சென்னியப்பன் வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பினார். இனியா தவழ்ந்து வாசற்படிக்கு வந்து, அவரை அண்ணாந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, குட்டிக் கையைத் தெருப்பக்கம் நீட்டிச் சொன்னது.

"போ."

மயிலாத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். குழந்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தாத்தாவுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாக, "போ! போ!" என்றது. சுகுணா ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். சென்னியப்பன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போ என்று சொல்லிவிட்டது, போகத்தானே வேண்டும் என்று வேனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

கம்பம் நட்டார், தானே ஏறிக் குழாயைக் கட்டினார், கயிறு இரண்டு தரம் அவிழ்ந்தது. பொழுது மேற்கே சாயும் நேரம். ஜனங்கள் கூடிவிட்டார்கள். அர்த்தநாரியும் வந்து நின்றார், தடுக்க அவருக்கும் தெம்பில்லை. சென்னியப்பன் மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ என்றார். மேலே பேச்சு நின்றது.

"இந்தக் கூட்டத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் நன்றிங்க. பேசுனவருக்கு நன்றி. ஏற்பாடு செஞ்சவங்களுக்கு நன்றி. இந்த மேடையக் கட்டி, சேர் போட்டு, கொழாய் கட்டிக் குடுத்த..."

நின்றுவிட்டார்.

ஊர் காத்திருந்தது, மேலே பேச்சும் காத்திருந்தது, சென்னியப்பன் வாயைத் திறந்தபடி நின்றார். பேர் தெரியவில்லை. ஒரே தட்டில் புரோட்டா பிய்த்துத் தின்றிருக்கிறார்கள், மழைக்கு ஒரே தார்ப்பாய்க்குள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஏப்பா என்று கூப்பிட்டிருக்கிறார், பெங்காலி என்று கூப்பிட்டிருக்கிறார், பேர் கேட்டதில்லை. அன்றைக்கு அவன் பேரு சொல்லுங்கண்ணா என்று கத்தினபோது பயத்தில் வாயடைத்துப் போனதாக இத்தனை மாசம் நினைத்துக்கொண்டிருந்தாரே, அது பொய். தைரியம் வந்திருந்தாலும் சொல்ல அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது.

"அவம்பட பேரு யாருக்காச்சும் தெரியுங்களா?" என்று மைக்கிலேயே கேட்டார். அர்த்தநாரியைப் பார்த்தார். "பெங்காலின்னுதானப்பா கூப்புடுவம்" என்றார் அர்த்தநாரி, "மில்லுல எல்லாத்தையுமே அப்பிடித்தான்." சென்னியப்பன் போனை எடுத்துப் பார்த்தார், அதிலும் சேர் பெங்காலி என்றுதான் போட்டு வைத்திருந்தார். வேறு வழியில்லாமல், சேர் போட்ட பெங்காலித் தம்பிக்கு நன்றி என்று சொல்லிப்பார்த்தார். மேலேயிருந்து பேச்சு முன்னைவிட உரக்க ஆரம்பித்தது.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு சுகுணா பெட்டியோடு நின்றாள். "வூடு பாக்கற வரைக்கும் அவிய அக்கா வூட்டுல இருந்துக்கறனுங்கப்பா. பாப்பா இங்க இருக்க வேண்டாம்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். பஸ் புறப்படும்போது குழந்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டாட்டா காட்டுகிற மாதிரி கையை ஆட்டி, போ போ என்றது. போனது அதுதான். மயிலாத்தா அதற்கப்புறம் புருஷனோடு சரியாகப் பேசவில்லை.

சென்னியப்பன் ஸ்டேஷனில் போய்க் கேட்டார், எந்த ஆளு என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த நம்பருக்குத் தினமும் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரு பெண்பிள்ளை அவருக்குப் புரியாத பாஷையில் மெதுவாகச் சொல்வாள், அவர் மரியாதையாக முழுக்கக் கேட்டுவிட்டு வைப்பார். அப்புறம் வேனை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போக ஆரம்பித்தார். ரயிலடியில், செங்கல் சூளையில், கட்டடம் கட்டும் இடத்தில், வடக்கத்தி ஆள் யாரைப் பார்த்தாலும் பக்கத்தில் போய், "தம்பி, உங்க பேரு என்னங்க?" என்று கேட்பார். பேர் கேட்கிற ஆளைக் கண்டால் அவர்களுக்குக் குலைநடுங்கியது. சிலர் ஓடினார்கள். சிலர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்கள். "பேரு எதுக்குண்ணா? நாங்க என்ன பண்ணோம்ண்ணா?" என்று ஒருத்தன் கும்பிட்டே விட்டான். அவர் அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ஒன்றுமில்லை சாமி, எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தருக்கு உங்கள் பேராக இருக்குமோ என்று கேட்டேன் என்றார்.

அப்படிச் சேர்த்துக்கொண்டு வந்த பேர்களைச் சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டில் மைக் போட்டுச் சொல்வார். சேர் போட்ட ஹபிபுருக்கு நன்றி. சேர் போட்ட நிமாய்க்கு நன்றி. சேர் போட்ட இத்ரிசுக்கு நன்றி. ஒவ்வொரு பேருக்கும் மேலே பேச்சு ஒரு மூச்சு நேரம் நிற்கும், இதுவா என்று பார்க்கும், இல்லையென்று தொடரும். ஊரில் மிச்சமிருந்த ஜனங்கள் இதற்கும் பழகிவிட்டார்கள். அந்த மூச்சு நேரத்தில்தான் சாமி கும்பிடுவார்கள், அந்த மூச்சு நேரத்தில்தான் பிள்ளைகளைத் தட்டித் தூங்கவைப்பார்கள். சென்னியப்பன் வரத் தாமதமானால், எங்கே இன்னும் ஆளைக் காணோம் என்று தேடுவார்கள். வெளியூர் ஆள் பேர்கள் இத்தனை தெரிந்த மனுசர் நொச்சிமேட்டில் வேறு யாரும் இல்லை.

நேற்று அவர் கையில் புதுப் பேர் ஒன்றும் இல்லை. போன ஊரில் எல்லோரும் அவரைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். இருந்தாலும் பழக்கத்தில் மைக்கைப் போட்டார். ஹலோ என்றார். எதிரே போட்டிருந்த சேர்களில் அர்த்தநாரியும் நாச்சிமுத்துவும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள், மற்றதெல்லாம் காலி. சென்னியப்பன் அந்தக் காலிச் சேர்களைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு மைக்கை வாயோடு சேர்த்து, தார்ப்பாய்க்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"ஏந்தம்பி, உம்பட பேரு என்னப்பா?"

மேலே பேச்சு நின்றது. ஒரு மூச்சு நேரம் ஆயிற்று, தொடரவில்லை. இன்னொரு மூச்சு ஆயிற்று, தொடரவில்லை. அர்த்தநாரி எழுந்து நின்றார். வீடுகளிலிருந்து ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். மயிலாத்தா கரண்டியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து தெருமுனையில் நின்றாள். கேள்வி கேட்டாயிற்று, பதில் வரட்டும் என்று பேச்சும் வழிவிட்டுக் காத்திருந்தது போலிருந்தது. புளியஞ்சருகு உதிர்ந்தது. எங்கேயோ ஒரு மாடு கத்தியது. பொழுது இறங்கிக்கொண்டே போயிற்று, பதில் சொல்ல வேண்டியவன் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ, ஊர் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது, யாரும் பதில் சொல்லவில்லை.

பேச்சு செருமிக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது.